மிதப்பதும் மூழ்குவதும் ஏன்? ஒரே கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு கற்கும் வழி

சிறிய இரும்பு ஆணி தண்ணீரில் மூழ்கிவிடுகிறது. பல்லாயிரம் டன் எடையுள்ள இரும்புக் கப்பல் மிதக்கிறது. காரணம் கேட்டால் கப்பலுக்குள் காற்று இருக்கிறது என்பார்கள், அதன் வடிவம் அப்படி என்பார்கள், அடர்த்தி குறைவு என்பார்கள். எதுவும் தவறில்லை. ஆனால் எல்லாமே பாதி வழியில் நின்றுவிடும் விடைகள். உள்ளே இருக்கும் காற்று வெளியே இருக்கும் தண்ணீரை எப்படித் தள்ளும்? ஒரு பொருளின் அடர்த்தி என்ன என்று தண்ணீருக்கு எப்படித் தெரியும்?

தண்ணீருக்கு எதுவும் தெரிய வேண்டியதில்லை. இதை உணர்ந்துவிட்டால் மற்றவை தானாகப் பின்தொடரும். எந்தப் பொருளைப் பார்த்தாலும் ஒரே கேள்வியைக் கேட்கப் பழகுவதுதான் இந்த வழிகாட்டியின் நோக்கம்: "இந்தப் பொருள் அடைத்துக்கொண்ட இடத்தில் தண்ணீரே இருந்திருந்தால் அந்தத் தண்ணீரின் எடை எவ்வளவு?"

செய்து பார்க்க ஒரு கிராம் வரை காட்டும் சமையலறை மின்னணுத் தராசு, ஒன்றுக்குள் ஒன்று நுழையக்கூடிய இரண்டு டம்ளர்கள், நூல், ஒரு கூழாங்கல், முட்டை, உப்பு, அலுமினியத் தாள், மூடியுள்ள பிளாஸ்டிக் பாட்டில், பேனா மூடி, சிறிது களிமண், சிறிது மணல் ஆகியவை போதும். படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். மூன்றாம் படியை மட்டும் தாண்டிப் போக வேண்டாம்.

படி 1: தண்ணீருக்குள் தண்ணீருக்கு எடை தெரிவதில்லை

கிணற்றிலிருந்து கயிறு கட்டித் தண்ணீர் இறைத்தவர்களுக்கு இது கை அறிந்த செய்தி. நிரம்பிய வாளி நீருக்குள் இருக்கும் வரை கயிறு இலகுவாக வரும். வாளியின் விளிம்பு நீர்மட்டத்தைத் தாண்டியதும் பாரம் சட்டென்று தோளில் இறங்கும். பத்து லிட்டர் வாளியென்றால் பத்து கிலோ அதற்கு முன்பும் வாளிக்குள் இருந்ததுதான். அதைச் சுற்றியிருந்த தண்ணீர் தாங்கிக்கொண்டிருந்தது.

சுற்றியுள்ள நீர் எவ்வளவு தாங்கியது? சரியாகப் பத்து கிலோ. அதைவிடக் குறைவாகத் தாங்கியிருந்தால் அந்தப் பத்து லிட்டர் கீழே இறங்கியிருக்கும், கூடுதலாகத் தாங்கியிருந்தால் மேலே ஏறியிருக்கும். அசையாமல் நிற்கும் நீரில் எந்தப் பகுதியை எடுத்துக்கொண்டாலும் அதைச் சுற்றியுள்ள நீர் அதன் எடையைத் துல்லியமாகத் தாங்கிக்கொண்டிருக்கிறது.

படி 2: தாங்குவது எது?

நீரின் அழுத்தம்தான். ஆழம் கூடக்கூட அழுத்தமும் கூடும், ஏனென்றால் ஆழத்தில் இருப்பது மேலே உள்ள நீர் முழுவதையும் சுமக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்து சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒரு கனசதுரத்தை நீருக்குள் நிறுத்துகிறோம். மேல்முகம் 20 செ.மீ. ஆழத்தில், கீழ்முகம் 30 செ.மீ. ஆழத்தில் இருக்கிறது.

மேல்முகத்தின் மேல் 10 × 10 × 20 = 2,000 கன செ.மீ. தண்ணீர் நிற்கிறது. அதாவது 2 கிலோ பாரம் கீழ்நோக்கி அழுத்துகிறது. கீழ்முகம் இருக்கும் ஆழத்தில் அழுத்தம் 10 × 10 × 30 = 3,000 கன செ.மீ. நீரின் பாரத்துக்குச் சமம். நீரழுத்தம் எல்லாப் பக்கமும் செயல்படுவதால் கீழ்முகத்தை அது 3 கிலோ பாரத்துக்கு ஈடாக மேல்நோக்கித் தள்ளுகிறது. பக்கவாட்டு அழுத்தங்கள் ஒன்றையொன்று சமன்செய்துவிடுகின்றன. மிஞ்சுவது 1 கிலோ, மேல்நோக்கி. கனசதுரத்தின் கன அளவு 1 லிட்டர், ஒரு லிட்டர் நீரின் எடை 1 கிலோ. இந்த மேல்நோக்கிய மிச்சத்துக்குத்தான் மிதப்பு விசை என்று பெயர்.

அதே கனசதுரத்தை 5 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோனால்? மேல்முகத்தில் 50 கிலோ, கீழ்முகத்தில் 51 கிலோ. மிச்சம் அதே 1 கிலோ. ஆழம் கூடினால் மிதப்பு விசையும் கூடும் என்று பலர் நினைப்பது இந்த இடத்தில் உடைகிறது.

படி 3: நீரை எடுத்துவிட்டுப் பொருளை வையுங்கள்

நீருக்குள் ஒரு லிட்டர் அளவுள்ள பகுதியைக் கற்பனையாகக் கோடு போட்டு வளைத்துக்கொள்ளுங்கள். சுற்றியுள்ள நீர் அதை 1 கிலோ விசையுடன் தாங்குகிறது. இப்போது அந்தப் பகுதியை அப்படியே எடுத்துவிட்டு, அதே அளவும் வடிவமும் உள்ள இரும்புத் துண்டை அங்கே வையுங்கள். சுற்றியுள்ள நீர் அதே நீர், ஆழம் அதே ஆழம், ஆகவே அழுத்தமும் அதே அழுத்தம். நீர் முன்பு எப்படித் தள்ளியதோ அப்படியேதான் இப்போதும் தள்ளும். உள்ளே வந்திருப்பது இரும்பா, மரமா, காற்றுக் குமிழியா என்று அது பார்ப்பதில்லை.

இரும்பின் எடை ஏறத்தாழ 7.9 கிலோ, தாங்குவது 1 கிலோ. மூழ்கும். தேக்கு மரத்துண்டு ஏறத்தாழ 650 கிராம், தாங்குவது அதே 1 கிலோ. விட்டால் மேலே வரும். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் சிசிலித் தீவின் சைரகியூஸ் நகரில் வாழ்ந்த ஆர்க்கிமிடீஸ் கண்டுசொன்னது இதைத்தான்: ஒரு பொருளால் இடம்பெயர்க்கப்பட்ட பாய்மத்தின் எடை எவ்வளவோ, அதே அளவு மிதப்பு விசை அதன் மேல் செயல்படும். பாய்மம் என்றால் திரவமும் வாயுவும் சேர்த்து. அவருடைய பெயரால் வழங்கும் அந்த வாக்கியத்தைப் பலர் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். வாளியிலிருந்து தொடங்கி அதை வந்தடைந்தால் ஒப்பிக்க வேண்டிய தேவையே இருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

படி 4: தராசில் அந்த விசையைப் பிடியுங்கள்

முக்கால் டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்து எண்ணைப் பூஜ்ஜியமாக்குங்கள். பிறகு ஒரு விரலை நீருக்குள் மெதுவாக இறக்குங்கள். விரல் டம்ளரின் அடியிலோ பக்கத்திலோ படக்கூடாது. எதையும் தொடாதபோதே தராசில் 5, 8, 12 என்று எண் ஏறிக்கொண்டே போகும். விரலை வெளியே எடுத்தால் மீண்டும் பூஜ்ஜியத்தை ஒட்டி வந்து நிற்கும். விரலில் ஒட்டிய ஈரம் கழிந்துபோனதால் ஒரு கிராம் குறைவாகக்கூடக் காட்டலாம்.

நீர் விரலை மேலே தள்ளுகிறது. தள்ளினால் அதே விசை எதிர்த்திசையில் நீரின் மேல் விழும், அது தராசுக்குப் போகும். ஆகவே தராசு காட்டுவது மிதப்பு விசையையே. தண்ணீரில் ஒரு கிராம் என்பது ஒரு கன செ.மீ. என்பதால், நீருக்குள் போன விரலின் கன அளவையும் அதே எண் சொல்லிவிடுகிறது. இந்தச் சோதனையை முதன்முறை செய்பவர்கள் விரலை நாலைந்து முறையாவது இறக்கி ஏற்றிப் பார்க்காமல் விடுவதில்லை.

இனி கூழாங்கல். முதலில் அதைத் தனியாக எடைபோடுங்கள், 135 கிராம் என்று வைத்துக்கொள்வோம். நூலில் கட்டி, பூஜ்ஜியமாக்கிய டம்ளருக்குள் முழுவதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். கல் அடியைத் தொடவே கூடாது. தொட்டால் அதன் எடையும் தராசில் சேர்ந்துவிடும். எண் 50 என்று காட்டினால் கல்லின் கன அளவு 50 கன செ.மீ. 135-ஐ 50-ஆல் வகுத்தால் 2.7. கல் தண்ணீரைப்போல 2.7 மடங்கு கனமானது. இதுதான் அடர்த்தி, அதை அளக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

அரசனின் மகுடத்தில் வெள்ளி கலந்திருந்ததை ஆர்க்கிமிடீஸ் தொட்டியிலிருந்து வழிந்த நீரை வைத்துக் கண்டுபிடித்தார் என்ற கதை எல்லோருக்கும் தெரியும். அவருக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு வாழ்ந்த ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் எழுதிவைத்த கதை அது. கணக்கு என்ன சொல்கிறது? ஒரு கிலோ சுத்தத் தங்கத்தின் கன அளவு ஏறத்தாழ 52 கன செ.மீ. அதில் 300 கிராம் வெள்ளி கலந்தால் 65 ஆகும். வித்தியாசம் 13 கன செ.மீ. இருபது செ.மீ. விட்டமுள்ள பாத்திரத்தில் அது நீர்மட்டத்தில் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. அந்தக் காலத்தில் அதை நம்பிக்கையாக அளந்திருக்க முடியாது. ஆனால் மகுடத்தையும் அதே எடையுள்ள தங்கத்தையும் தராசின் இரு பக்கமும் தொங்கவிட்டு நீருக்குள் இறக்கினால் மகுடத்தின் பக்கம் 13 கிராம் அளவுக்கு இலேசாகி மேலே எழும். அது கண்ணுக்கு நன்றாகத் தெரியும். 1586-இல் இளைஞர் கலிலியோவும் ஆர்க்கிமிடீஸ் இப்படித்தான் செய்திருப்பார் என்று வாதிட்டார். நானும் அந்தக் கட்சிதான்.

படி 5: எது எதில் மிதக்கும்?

தண்ணீரின் அடர்த்தியை 1 என்று வைத்தால் சமையல் எண்ணெய் ஏறத்தாழ 0.92, பனிக்கட்டி 0.917, கடல்நீர் 1.025, அலுமினியம் 2.7, இரும்பு 7.9, ஈயம் 11.3, பாதரசம் 13.6, தங்கம் 19.3. தன்னைவிடப் பெரிய எண் கொண்ட திரவத்தில் பொருள் மிதக்கும், சிறிய எண் கொண்டதில் மூழ்கும். அதனால் இரும்பு ஆணி பாதரசத்தில் மிதக்கும், தங்கம் பாதரசத்திலும் மூழ்கும். மரம் என்றாலே மிதக்கும் என்பதும் சரியில்லை. நல்ல கருங்காலி தண்ணீரில் மூழ்கும்.

தோலோடு மிதக்கும் ஆரஞ்சுப் பழம் தோலை உரித்ததும் மூழ்குவதைப் பார்த்திருப்பீர்கள். எடை குறைந்தும் மூழ்குகிறது. தோலின் வெண்பகுதி முழுவதும் காற்றறைகள். தோலை உரிக்கும்போது எடையில் இழப்பதைவிடக் கன அளவில் அதிகமாக இழக்கிறது.

படி 6: எவ்வளவு மூழ்கி நிற்கும்?

மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான எடையுள்ள நீரை இடம்பெயர்க்கும் வரை இறங்கும், அங்கே நின்றுவிடும். பனிக்கட்டியின் 0.917-ஐக் கடல்நீரின் 1.025-ஆல் வகுத்தால் 0.895. பனிப்பாறையில் பத்தில் ஒன்பது பங்கு நீருக்கடியில் இருப்பதன் கணக்கு இவ்வளவுதான்.

திரவம் மாறினால் இறங்கும் அளவும் மாறும். நல்ல முட்டையைத் தண்ணீரில் போட்டால் அடியில் போய்ப் படுக்கும். அதை எடுத்துவிட்டு ஒவ்வொரு கரண்டியாக உப்பைக் கரைத்து, முட்டையை மீண்டும் போட்டுப் பார்த்துக்கொண்டே போங்கள். ஒரு கட்டத்தில் முட்டை மேலே வரும். இப்போது கரண்டியின் முதுகில் வழியவிட்டு, மிக மெதுவாக, அந்த உப்புநீரின் மேல் நல்ல தண்ணீரை ஊற்றுங்கள். கை பதறாமல் ஊற்றினால் இரண்டும் கலக்காமல் அடுக்காக நிற்கும். முட்டை டம்ளரின் நடுவில், மேலும் போகாமல் கீழும் போகாமல், அந்தரத்தில் நிற்கும். நல்ல நீரில் மூழ்கி, உப்புநீரில் மிதந்து, இரண்டின் எல்லையில் தங்கிவிட்டது. சாக்கடலில் மனிதர் படுத்தபடி மிதப்பதும் இதனால்தான். அதன் அடர்த்தி ஏறத்தாழ 1.24.

படி 7: கப்பல்

ஒரு மீட்டர் பக்கமுள்ள, மேலே திறந்த இரும்புப் பெட்டி செய்கிறோம். தகட்டின் தடிமன் 5 மில்லிமீட்டர். ஐந்து முகங்களுக்கும் சேர்த்து ஏறத்தாழ 25 லிட்டர் இரும்பு, எடை 200 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. இதை உருக்கிக் கட்டியாக்கினால் 25 கிலோ நீரை மட்டுமே இடம்பெயர்க்கும், உடனே மூழ்கும். பெட்டியாக இருந்தால் 20 செ.மீ. இறங்கியதுமே 200 லிட்டர் நீர் விலகிவிடுகிறது, அங்கேயே நின்றுவிடும். இன்னும் 80 செ.மீ. மிச்சமிருக்கிறது, 800 கிலோ வரை சரக்கு ஏற்றலாம். ஆக, வடிவம் செய்யும் வேலை இடத்தை அடைப்பது. உள்ளே இருக்கும் காற்று எதையும் தூக்குவதில்லை. தண்ணீரை உள்ளே விடாமல் அந்த இடம் அடைபட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

அலுமினியத் தாளில் படகு செய்து இதைச் சோதிக்கலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை. தாளைக் கசக்கி உருண்டையாக்கினால் மூழ்கும் என்று எதிர்பார்த்துப் பலர் ஏமாறுகிறார்கள். கசக்கிய உருண்டைக்குள் காற்று சிறைப்பட்டிருப்பதால் அது மிதந்துகொண்டே இருக்கும். தாளைப் பலமுறை மடித்து, ஒவ்வொரு மடிப்பையும் கரண்டியால் அழுத்தித் தேய்த்துத் தட்டையான சில்லாக்குங்கள். அப்போது மூழ்கும்.

கப்பலின் பக்கவாட்டில் வட்டமும் கோடுகளும் வரைந்திருப்பார்கள். இந்த அளவுக்கு மேல் இறங்கும்படி சரக்கு ஏற்றக்கூடாது என்பதற்கான குறி அது. அளவு மீறி ஏற்றப்பட்ட கப்பல்கள் மாலுமிகளோடு மூழ்கியதைப் பொறுக்காமல் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் சாமுவேல் பிளிம்சால் போராடியதன் விளைவாக 1876-இல் சட்டமானது. நன்னீருக்கான கோடு கடல்நீர்க் கோட்டுக்கு மேலே இருக்கும். நன்னீர் இலேசானது என்பதால் அதே கப்பல் ஆற்றுக்குள் வந்ததும் சற்றுக் கூடுதலாக இறங்கும்.

மிதந்தால் மட்டும் போதாது, நிமிர்ந்து மிதக்க வேண்டும். 1628 ஆகஸ்ட் 10 அன்று ஸ்டாக்ஹோமில் வெள்ளோட்டம் விட்ட வாசா என்ற போர்க்கப்பல் ஒன்றரைக் கிலோமீட்டர்கூடப் போகவில்லை. மேல்தளங்களில் பாரம் அதிகம், அடியில் போதிய நிலைப்பாரம் இல்லை. காற்றில் சாய்ந்ததும் பீரங்கித் துளைகள் வழியாக நீர் புகுந்து மூழ்கியது. கப்பலின் எடை ஈர்ப்பு மையம் வழியாகக் கீழ்நோக்கிச் செயல்படுகிறது, மிதப்பு விசை இடம்பெயர்ந்த நீரின் மையம் வழியாக மேல்நோக்கிச் செயல்படுகிறது. கப்பல் சாயும்போது நீருக்குள் இருக்கும் பகுதியின் வடிவம் மாறுவதால் அந்த இரண்டாவது மையம் சாய்ந்த பக்கமாக நகரும். அது போதிய தூரம் நகர்ந்தால் கப்பலை நிமிர்த்திவிடும். ஈர்ப்பு மையம் மிக உயரத்தில் இருந்தால் இரு விசைகளும் சேர்ந்து கவிழ்த்துவிடும்.

படி 8: விலகிய நீர் எங்கே?

"பத்து டன் படகு மிதக்கப் பத்து டன் நீர் வேண்டாமா?" வேண்டாம். பெரிய டம்ளருக்குள் சில கரண்டி நீர் மட்டும் ஊற்றி, அதற்குள் சிறிது மணல் போட்ட சிறிய டம்ளரை இறக்குங்கள். இரண்டுக்கும் நடுவில் உள்ள மெல்லிய இடைவெளியில் நீர் ஏறும், உள்டம்ளர் மிதக்கும். மணலோடு 150 கிராம் எடையுள்ள டம்ளர் 40 கிராம் நீரில் மிதப்பதைத் தராசிலேயே சரிபார்க்கலாம். அந்த இடத்தில் நீர் இருந்திருந்தால் எவ்வளவு எடை இருந்திருக்கும் என்பதுதான் கணக்கு. அந்த நீர் உண்மையில் எங்கேயும் இருக்க வேண்டியதில்லை. விளிம்பைச் சுற்றியுள்ள நீர்மட்டத்தின் உயரம் போதும், அழுத்தம் உயரத்தை மட்டுமே பார்க்கிறது.

படி 9: தானே ஏறி இறங்குபவை

பேனா மூடியின் மேல்முனையில் துளை இருந்தால் அடைத்துவிட்டு, கீழ்முனையில் சிறிது களிமண் ஒட்டி, உள்ளே காற்றுக் குமிழியோடு மட்டுமட்டாக மிதக்கும்படி சரிசெய்து, நீர் நிரம்பிய பாட்டிலுக்குள் போட்டு மூடுங்கள். பேனா மூடியின் வாய் முழுவதும் அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், நீர் உள்ளே போய்வர வழி வேண்டும். பாட்டிலை அழுத்தினால் அது மூழ்கும், விட்டால் மேலே வரும். அழுத்தும்போது குமிழி சுருங்குகிறது, அடைத்துக்கொண்ட இடம் குறைகிறது, தாங்கும் விசையும் குறைகிறது. மூடிக்குள் நீர்மட்டம் ஏறுவதை உற்றுப் பார்த்தால் காணலாம்.

பல மீன்கள் உடலுக்குள் இருக்கும் காற்றுப்பையில் வாயுவைக் கூட்டியும் குறைத்தும் இதைச் செய்கின்றன. சுறாவுக்கு அந்தப் பை இல்லை, எண்ணெய் நிறைந்த பெரிய ஈரல் ஓரளவு கைகொடுக்கிறது. நீர்மூழ்கிக் கப்பல் தன் கன அளவை மாற்றாமல் எடையை மாற்றுகிறது. தொட்டிகளுக்குள் கடல்நீரை விட்டு இறங்குகிறது, அழுத்தப்பட்ட காற்றால் அதை வெளியேற்றி ஏறுகிறது. மூச்சடக்கி மூழ்குபவரின் நுரையீரல் 10 மீட்டர் ஆழத்தில் ஏறத்தாழ பாதியாகச் சுருங்கும். அதனால் மேலே மிதந்த அதே உடல் ஓர் ஆழத்துக்குக் கீழே தானாக இறங்கத் தொடங்கும். நீச்சல் தெரிந்தவர்களும் மறந்துவிடும் ஆபத்து இது.

படி 10: காற்றும் ஒரு கடல்தான்

ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 1.2 கிலோ. அதே இடத்தை அடைக்கும் ஹீலியம் 0.17 கிலோ. ஆகவே ஒவ்வொரு கன மீட்டர் ஹீலியமும் ஒரு கிலோவைத் தூக்கும். 1783-இல் பிரான்சில் முதல் வெப்பக்காற்று பலூனைப் பறக்கவிட்ட மோங்கோல்ஃபியர் சகோதரர்கள் புகையில்தான் தூக்கும் சக்தி இருப்பதாக நம்பினார்கள். தூக்கியது காற்றின் சூடு. 100 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 0.95 கிலோவாகக் குறைகிறது. கன மீட்டருக்குக் கால் கிலோதான் இலாபம், அதனால்தான் அந்த பலூன்கள் அவ்வளவு பெரிதாக இருக்க வேண்டியிருக்கிறது.

தடுமாற வைக்கும் சில இடங்கள்

நீர்ப்பரப்பில் மெதுவாக வைத்த ஊசி நிற்பதை மிதப்பு என்று எழுதாதீர்கள். அதைப் பெரும்பாலும் தாங்குவது நீரின் மேற்பரப்பை மெல்லிய தோல்போல இறுக்கிவைக்கும் பரப்பு இழுவிசை. ஒரு சொட்டு சோப்புக் கரைசல் விட்டால் மூழ்கிவிடும். கலிலியோவை எதிர்த்தவர்களும் மெல்லிய கருங்காலிச் சில்லு நீரில் நிற்பதைக் காட்டி, மிதப்பதற்குக் காரணம் வடிவமே என்று வாதிட்டார்கள். சில்லு நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு சிறு குழியில் இருப்பதைக் கவனித்துச் சொன்னார் கலிலியோ.

குளத்தில் படகு, படகில் 2.7 கிலோ கல். கல்லைக் குளத்துக்குள் போட்டால் நீர்மட்டம் ஏறுமா இறங்குமா? படகில் இருந்தபோது கல்லுக்காக 2.7 லிட்டர் நீர் விலகியிருந்தது. அடியில் கிடக்கும்போது விலகுவது 1 லிட்டர்தான். மட்டம் இறங்கும். டம்ளரில் மிதக்கும் பனிக்கட்டி உருகினாலோ மட்டம் மாறாது. 100 கிராம் பனி 100 கன செ.மீ. நீரை விலக்கியிருந்தது, உருகியதும் அதே அளவு நீராகிறது.

கடைசியாக ஒன்று. இவ்வளவுக்கும் அடிப்படை, ஆழத்தில் உள்ள நீர் மேலே உள்ள நீரைச் சுமக்கிறது என்பது. சுமக்க எடை வேண்டும். பஸ் வேகமெடுக்கும்போது பயணிகள் பின்னால் சாய்கிறார்கள், ஆனால் நூலில் கட்டிய ஹீலியம் பலூன் முன்னால் சாய்கிறது. காற்றும் பயணிகளைப்போலப் பின்பக்கம் நெருக்குவதால் அங்கே அழுத்தம் கூடி, பலூனை முன்னால் தள்ளுகிறது. பூமியைச் சுற்றும் விண்வெளி நிலையத்தில் எதுவும் எதையும் சுமப்பதில்லை. அங்கே நீர் உருண்டைக்குள் விட்ட காற்றுக் குமிழி மேலே வருவதில்லை, மேல் என்ற திசையே அதற்கு இல்லை. விட்ட இடத்திலேயே நிற்கிறது.